ராகிக் களத்துல ஒரு டென்னிஸ் கோர்ட்

புதுசா சாணி மொழுகின களம் காலை வெயில்ல காயற வாசனை... அது மேல பந்து விழுந்து எழும்பற 'தொப்' சத்தம்...

தொண்ணூறு வயசுலயும் அது எனக்கு மறக்கல. போன்ல பேசினா அதுவே எழுதிக்குதாம். அதான் உங்ககிட்டச் சொல்லிட்டு இருக்கேன்.

பதினாறு வயசுல கல்யாணம் ஆகி நல்லம்பள்ளிப் பக்கம் வந்தேன். உலகச் சண்டை நடந்துட்டிருந்த நேரம். எங்க வூட்டுக்காரரு தர்மபுரில இங்கிலீஷ் வாத்தியார். மெட்ராஸ்ல காலேஜ் படிக்கறப்ப டென்னிஸ்ல பெரிய ஆளாம். இந்தியா டீமுக்கு ஆள் எடுக்கறோம், வந்து ஆடிக் காட்டுங்கன்னு எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே அவருக்கு லெட்டரே வந்திருக்கு.

கெளம்பறதுக்குள்ள சண்டை ஆரம்பிச்சிடுச்சு. நாட்டுக்கு நாடு மோதற டேவிஸ் கப் டென்னிஸ் நின்னுபோச்சு. டீமே இல்லன்னு ஆயிடுச்சு.

"சண்டை முடிஞ்சா மறுபடி கூப்புடுவாங்க சரசு"ம்பாரு. அந்த லெட்டர் டிரங்குப் பொட்டில, வேட்டிக்கு அடில இருந்துச்சு.

ஆனா கூட ஆட ஆள் வேணுமே? தர்மபுரி கிளப்புல ஆடிட்டிருந்த ஆபீசருங்க பாதிப் பேரு பட்டாளத்துக்குப் போயிட்டாங்க.

ராகி அடிச்சு முடிச்சு களம் காலியானா, அதான் எங்க கோர்ட். சுண்ணாம்புல கோடு. குறுக்கால கெணத்துக் கயித்தைக் கட்டி, கோணிச் சாக்கைத் தொங்கவிட்டா நெட். எதிர்ப்பக்கம் பழைய பேட்டோட நிக்கறது... நான்!

பொடவையைத் தூக்கிச் செருகிட்டு நின்னதைப் பாத்து மாமியார் பதறிட்டாங்க.

"ஏன்டா, ஊர்ல என்ன பேசுவாங்க?"

"இந்தியா டீமுக்கு என்னைத் தயார் பண்றா ஆத்தா"ன்னாரு.

அவங்களுக்கு என்ன புரிஞ்சுதோ... மறுநாள்லருந்து களத்தை அவங்களே மொழுகி வெச்சாங்க.

பந்து கெடைக்காத காலம். இருந்த நாலு பந்தும் முடி கொட்டி மொட்டையாயிடுச்சு. "லெஃப்ட்ல போடு... இன்னும் தள்ளிப் போடு"ம்பாரு. போடுவேன். மூணு வருஷம் போட்டேன்.

சண்டை முடிஞ்சுது. இந்தியா டீம் திரும்ப ஆடப் போவுதுன்னு பேப்பர்ல வந்துச்சு. உடனே எழுதிப் போட்டாரு, மெட்ராஸுக்கு வரச் சொல்லி பதிலும் வந்துச்சு.

மொரப்பூர் வரைக்கும் கூடப் போயி ரயில் ஏத்திவிட்டேன். "எடுத்துட்டாங்கன்னா கப்பல்ல போவணும் சரசு. திரும்பி வர ஆறு மாசம் ஆவும்"னு ஜன்னல்ல உக்காந்து சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்.

நாலாம் நாளே வந்துட்டாரு. பேட்டைச் சுவத்துல சாய்ச்சு வெச்சுட்டு, கை கால் கழுவிட்டு உக்காந்தாரு. 

"எதிர்ல ஆடினது பத்தொம்போது வயசுப் பையன். அவன் அடிக்கற பந்து எங்க வரும்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சுது சரசு... கால்தான் போவல."

அவருக்கு அப்ப முப்பது. நல்லா ஆட வேண்டிய வயசையெல்லாம் சண்டை தின்னுடுச்சு.

மறுநாள் காலைல பாத்தா, களத்துல கோடு போட்டுட்டு இருக்காரு.

"வா, ஆடலாம்."

"இனிமே எதுக்குங்க பிராக்டிஸ்?"

"பிராக்டிஸ் இல்ல. பாயிண்ட் எண்ணி ஆடலாம்."

அதுவரைக்கும் அவருக்குப் பந்து போட்டுக் குடுத்தவ, அன்னிக்குத்தான் எதிராளியா நின்னேன். ஒரு கேம் ஜெயிச்சேன்! "விட்டுக் குடுத்தீங்களா?"ன்னு கேட்டேன். இல்லவே இல்லன்னாரு. பொய் சொன்னா அவருக்குக் காது செவந்துடும். அன்னிக்குச் செவக்கல.

இப்பல்லாம் இந்தியா ஆடறதை இந்தப் போன்லயே பாக்கறேன். பசங்க பிளைட்ல போறாங்க, ஆடறாங்க, அடுத்த வாரம் வூட்டுல இருக்காங்க. பாக்கவே ஆசையா இருக்கு.

ஒண்ணு சொல்லிடறேன்... அவரு தோத்துட்டு வந்த அன்னிக்கு, எனக்கு மனசுல ஒரு ஓரமா நிம்மதியா இருந்துச்சு. ஆறு மாசம் அவரு இல்லாம எப்படி இருக்கப் போறோம்னு அவ்வளவு பயம். எனக்கும் அப்ப பத்தொம்போது வயசுதான். கடைசி வரைக்கும் அவருகிட்ட இதைச் சொல்லல.

அவரு போயி இருவது வருஷமாச்சு.

ஆறு மாசத்துக்குப் பயந்தவ... இருவது வருஷம் தனியா இருந்துட்டேன். அன்னிக்கு அந்த ரயில் ஜன்னல் பக்கத்துல நின்னு, முழு மனசோட சிரிச்சிருக்கலாம்.