குழாயைப் பிடித்த கை

சில விஷயங்கள் எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. அன்று கரண்ட் இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஜன்னல் துணி பச்சையா நீலமா என்பதில் எனக்கும் என் மனைவி அங்கம்மாவுக்கும் இன்னும் தகராறு. ஆனால் அந்தக் குழாயைத் தொட்டது என் விரல். அதை நான் கற்பனை செய்யவில்லை.

2006. எர்ணாவூர் குடியிருப்பு, மூன்றாம் மாடி, ஒற்றை அறை. என் மகள் அம்முவுக்கு ஒன்பது வயது. இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், பொட்டு அளவில் மூன்று துளை போட்டு, கேமரா விட்டுப் பார்த்து, ஒரு மெல்லிய குழாயை உள்ளே வைத்திருந்தார்கள். அதன் வழியாகத் தினமும் நான்கு முறை மருந்துத் தண்ணீர் வயிற்றுக்குள் போகும். சில மணி நேரம் தங்கி, உடம்பின் கழிவை வாங்கிக்கொண்டு வெளியே வரும். அம்மு உயிரோடு இருந்தது அதனால்தான்.

அந்தத் தண்ணீர் இருக்கும் பையை மாற்றும்போது கதவு, ஜன்னல் இரண்டையும் சாத்த வேண்டும். ஃபேனை நிறுத்த வேண்டும். வாயில் மாஸ்க். குழாயில் கிருமி நுழைந்தால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அரைமணி நேரமும் அம்மு சுவரில் தொங்கும் பையோடு கட்டுண்டு கிடப்பாள். நானும்தான்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எனக்கு இரவு வேலை. அங்கம்மா பகலில் மீன் விற்கப் போய்விடுவாள். அதனால் பகல் பை என் பொறுப்பு.

அந்த வாரம் எங்களிடம் பை தீர்ந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில், புளியந்தோப்பிலிருந்து வரும் வேம்பு என்ற பெண் ஒரு பெட்டிப் பையை அங்கம்மாவிடம் கொடுத்தாள். அவள் மகள் ஷாலு அப்போதுதான் இறந்திருந்தாள். இதே வியாதி. ஒரு பிள்ளை போனால் மிச்சப் பை அடுத்த பிள்ளைக்கு என்பது அங்கே வழக்கம். பெட்டியில் ஒரு பை மட்டும் எடுக்கப்பட்டிருந்தது. அம்மு ஷாலுவைப் பார்த்ததில்லை. பெட்டி யாருடையது என்று நாங்கள் அவளிடம் சொல்லவும் இல்லை.

உச்சி வெயில். மொட்டை மாடியில் சூடேற வைத்திருந்த பையை எடுத்து வந்தேன். அமுக்கிப் பார்த்தேன், கசியவில்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது. ஆணியில் மாட்டினேன்.

"நைனா, மாஸ்க்கு போட்டா நீ திருடன் மாரி கீற," என்றாள் அம்மு.

பழைய தண்ணீர் தரையில் கிடந்த பைக்கு இறங்கி முடித்தது. புதிய பையைத் திறந்துவிட்டேன். மணி 12.20.

பையின் மேல் கை பட்டது. சில்லென்றிருந்தது. அவ்வளவு நேரம் வெயிலில் கிடந்த பை...

எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி ஓடாத நிமிஷம் கிடையாது. எங்கள் சுவர் எப்போதும் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். அப்போது அதிரவில்லை.

12.24. தண்ணீர் நின்றுவிட்டது.

கிளிப் திறந்தேதான் இருந்தது. குழாயை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். நடுவில் ஓர் இடம் தட்டையாக அமுங்கியிருந்தது. மேலே ஒரு சின்னக் குழி. கீழே ஒரு சின்னக் குழி.

அம்முவின் இரண்டு கைகளும் பாயில் கிடந்தன.

அவளை விட்டு ஓட முடியாது. தூக்கிக்கொண்டும் ஓட முடியாது.

"அந்தப் பொண்ணு புடிச்சிகினு கீது, நைனா."

"எந்தப் பொண்ணு?"

"வேணாமாம். உள்ள எரியுதாம்."

அமுங்கிய இடத்தைப் பிரிக்கக் கை வைத்தேன்.

ஈரம்...

ஒரு நகம்.

"பிரிக்காத நைனா. அன்னிக்கி அவ அம்மா பிரிச்சிச்சாம்."

கையை எடுத்தேன்.

மேல் பையின் கிளிப்பை மூடினேன். தரைப் பையின் கிளிப்பைத் திறந்தேன். உள்ளே போயிருந்த கொஞ்சம் தண்ணீரும் மடமடவென்று வெளியே வந்தது.

குழாய் மெல்ல உருண்டையானது.

சுவர் அதிர ஆரம்பித்தது.

சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய், வேறு பை வாங்கிப் போட்டோம். மறுநாள் புளியந்தோப்புக்குப் போனேன். நடந்ததைச் சொல்லவில்லை. ஷாலு எப்படி இறந்தாள் என்று மட்டும் கேட்டேன். வேம்பு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அந்தப் பெட்டியின் முதல் பை. தண்ணீர் உள்ளே போகும்போதே எரிகிறது என்று பிள்ளை அழுதது. இரண்டு விரலால் குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டது. அடம் என்று இவள் நினைத்தாள்.

"நான்தான் ஒவ்வொரு வெரலா பிரிச்சேன்," என்றாள். "யார்கிட்டயும் சொல்லல."

அடுத்த நாளே வயிற்றில் சீழ். கோளாறு பையிலா, மாட்டிய கையிலா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் என் அறையில் நடந்ததைச் சொன்னேன். அவள் பயப்படவில்லை.

"என் மேல கோவமா இருந்தாளா?"

இல்லை என்றேன். தெரிந்து சொல்லவில்லை.

மிச்சமிருந்த பைகளை அறுத்துச் சாக்கடையில் ஊற்றினேன். இரண்டு வருஷம் கழித்து அங்கம்மாவின் சிறுநீரகம் அம்முவுக்குப் பொருந்தியது. இருவரும் நன்றாக இருக்கிறார்கள். அந்த மத்தியானம் அம்முவுக்கு நினைவில் இல்லை. வேம்பு போன வருஷம் இறந்தாள். நான் போயிருந்தேன். அவள் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று அழுத்தியபடி இறுகியிருந்தன. குளிப்பாட்டும் முன் யாரோ அதைப் பிரிக்கப் போனார்கள்.

வேண்டாம் என்றேன்.