மஹாதேவன் மெழுகிய அடுப்படி

பவானிபூர் மஹாதேவன் முப்பது வருஷம் டைப்ரைட்டர் தட்டியவர். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கமாட்டார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு தடவை துப்பறிந்தார். பழி அவர் தலையிலேயே விழுந்ததால்தான்.

1909 மாசி மாதம். ஜமீந்தார் ராய்சௌத்ரி பாபு உயில் எழுத விரும்பினார். மஹாதேவனைக் கார்டன் ரீச் துறையில் லாஞ்ச் ஏற்றி, கங்கை முகத்துவாரத்திலிருந்த தம் சொந்தத் தீவுக்கு அழைத்துப் போனார். தீவில் அவர்களைத் தவிர பாபுவின் மருமான் நிகிலேஷும் வேலைக்காரன் ஹரிபதாவும்தான்.

மீன் சமைக்கிற அடுப்பில் மஹாதேவன் சாப்பிடுவாரா? தோட்டத்துக் குடிசையில் தனிச் சமையல். ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி பாகீரதி சொல்லி அனுப்பியிருந்தாள்: "சாணி போட்டு மெழுகிட்டு ரெண்டு இழை மாக்கோலமாவது இழுங்கோ. ஆம்பளைக் கை, கோணினா கோணட்டும்."

இரண்டாம் நாள் காலை பாபு உயிலில் கையெழுத்திட்டார். தீவு ஒரு பெண்கள் பள்ளிக்கு. மத்தியானச் சாப்பாடு முடிந்து பார்த்தால், மேஜை மேலிருந்த உயிலைக் காணோம்.

"நான் மாமாவோட சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன், ஹரிபதா பரிமாறினான்" என்றான் நிகிலேஷ். "மெட்ராஸ் பாபு தனியா சமைக்கிறார், தனியா சாப்பிடுகிறார். தனியா இன்னும் என்னென்ன செய்கிறாரோ!"

பாபு சிரிக்கவில்லை. "நாலு மணிக்குக் கடல் ஓதம் ஏறும், லாஞ்ச் வரும். அதுக்குள்ள உயில் வராவிட்டால் உங்களைப் போலீஸ் தரோகாவிடம்தான் ஒப்படைக்கணும், மஹாதேவ் பாபு."

அந்த நேரம் மஹாதேவன் குளத்தில் குளித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர் யார்? மீன்கொத்திதான் பார்த்தது. தரோகா கையில் சிக்கினால் வேலை போகும். பிரசவத்துக்கு நிற்கிறவள் தெருவில் நிற்பாள்.

குடிசை வாசலில் உட்கார்ந்து யோசித்தார். குளித்துவிட்டு வந்தபோது மெழுகின தரையில் யாரோ மிதித்திருந்தது நினைவுக்கு வந்தது. கோலம் கலைந்திருந்தது. காலையிலேயே அணைத்துவிட்ட அடுப்பு சூடாயிருந்தது. தீட்டாகிவிட்டதே என்ற பதைப்பில் சாம்பலை வாரி வாழையடியில் கொட்டி, மறுபடி மெழுகி, மறுபடி கோலமும் இழுத்திருந்தார்.

ஐயோ! கிடைத்த ஒரே சாட்சியைத் தன் கையாலேயே சாணி போட்டு அழித்தாயிற்று.

வாழையடிக்கு ஓடினார். சாம்பலைக் கிளறியதில் கருகின காகித மூலை ஒன்று அகப்பட்டது. அவருடைய மெஷினின் ஊதா எழுத்து. எரித்தது யார் என்று அது சொல்லுமா? 'நீதான் எரித்தாய்' என்பார்களே!

மணி மூன்றேகால். தூரத்தில் லாஞ்ச் ஊதியது.

கூடத்துக்கு வந்தவரின் கண் வழக்கம்போலத் தரையிலேயே இருந்தது. வாசற்படியில் நிகிலேஷின் பம்ப் ஷூ, நாடா இல்லாத தோல் செருப்பு. குதிகால் இடுக்கில் காய்ந்த சாணி. சாணி எங்கும் கிடைக்கும். அதில் வெள்ளையாக அரிசிமாவு எப்படி வந்தது?

குளித்து மடியாயிருந்த மஹாதேவன், பிறத்தியார் காலில் போட்ட தோல் செருப்பை இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே நடந்தார். காகித மூலையோடு சேர்த்து பாபுவின் முன்னால் வைத்தார்.

பாபு எழுந்தே விட்டார். "நீங்களா செருப்பைத் தொட்டீர்கள்?"

"என் அடுப்படிக் கோலம் இதில் இருக்கு. இந்தத் தீவில் வேறெங்கேயும் கோலம் கிடையாது."

பாபு குனிந்து பார்த்தார். பிறகு மருமானிடம் திரும்பினார். "இன்றைக்குச் சாப்பிட ஏன் தாமதமாக வந்தாய், நிகில்?"

நிகிலேஷ் செருப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான். நாலு மணி லாஞ்சில் அவன் மட்டும் போனான். மஹாதேவன் குளத்தில் இரண்டு முழுக்குப் போட்டுவிட்டு உயிலை மறுபடி அடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் பாகீரதி கேட்டாள்: "கோலம் போட்டேளா?"

"ரெண்டு தடவை."

"கோணலாவா?"

"கோணல்தான்."

"போறது, விடுங்கோ. அந்தக் காட்டில் யார் பார்க்கப்போறா" என்றாள் அவள்.