ஒரு காயமும் இல்லாமல் எழுந்த மணிக்கோபுரம்

கட்டி முடித்த நாளிலிருந்து அந்தப் பங்குக் கோயிலைப் பெருக்கித் துடைப்பவள் அவள். ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு அச்சடித்த வரலாற்றுப் புத்தகத்தை மகள் கொண்டுவந்து கொடுத்ததும், கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தாள். செங்கல் சூளை மேட்டில் நிலம் வாங்கியது, கிடங்கில் முதல் பூசை நடந்தது, நடுவில் தூணே இல்லாத கூடம், கூரையைத் தாங்கும் வளைவுகள், மாலை வெயில் பீடத்தில் விழும்படி பதித்த நீலக் கண்ணாடிகள், எல்லாம் இருந்தன. பதினோராம் பக்கத்தில் மணிக்கோபுரம். 'தொண்ணூறு அடிக் கோபுரம் ஒருவருக்கும் சிறு காயமின்றி ஏழே மாதத்தில் எழுந்தது இறையருள்.'

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அந்தக் கோபுரத்தின் மூன்றாம் நிலையிலிருந்துதான் கொத்தனாரான அவள் கணவர் விழுந்து செத்தார். கோயிலைத் திறந்துவைக்க ஆயர் வரும் தேதிக்குள் முடிக்க வேண்டுமென்று, மழை விட்ட கையோடு ஆட்களை மேலே ஏற்றினார்கள். ஈரச் சாரப்பலகை வழுக்கிவிட்டது. மகள் அப்போது வயிற்றில். ஆறுதலுக்கு அவள் கையில் கொடுத்தது துடைப்பம்.

"யாருடி இதை எழுதினது?"

"பங்குப்பேரவைச் செயலாளர் சார்தான். விடும்மா, நல்ல நாளும் அதுவுமா..."

"யாருக்குடி நல்ல நாளு?"

ஞாயிறு பூசை முடிந்ததும் செயலாளர் புத்தகக் கட்டோடு எழுந்தார். மகள் சேலையைப் பிடித்து இழுக்க இழுக்க அவளும் எழுந்தாள்.

"சார், கோபுரம் கட்டுறப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான்மா, கட்டட வேலையை மேற்பார்வை பார்த்துக்கிட்டு. ஏன்?"

"அப்ப விழுந்து கிடந்த என் வீட்டுக்காரரை யாரு தூக்கினது?"

செயலாளர் புத்தகக் கட்டைக் கீழே வைத்தார். "நானும்தான் தூக்கினேன். விழாப் புத்தகத்துல சாவைப் போட வேணாமேன்னு..."

"போடாட்டிப் போங்க. காயமே படலைன்னு ஏன் சார் எழுதினீங்க? அவரு என்ன, களைச்சுப்போயி கீழ வந்து படுத்துக்கிட்டாரா?"

புதிதாக வந்திருந்த பங்குத்தந்தைக்கு இது எதுவும் தெரியாது. அவர் புத்தகக் கட்டைப் பிரிக்க வேண்டாம் என்றார். மறுநாள் வீடு தேடி வந்து, அவள் சொல்லச் சொல்லத் தானே எழுதிக்கொண்டார். அதிலிருந்து 'அவசரம்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடலாமா என்று செயலாளர் மகளிடம் கேட்டனுப்பினார்.

"எடுத்தா, புத்தகத்தைக் கோயில் வாசல்லயே கிழிச்சுப் போடுவேன்னு சொல்லு!"

எடுக்கவில்லை. மழை, பலகை, அவசரம், விழுந்த கொத்தனார், எல்லாம் பதினோராம் பக்கத்தில் புதிதாக அச்சாகி வந்தன.

அதன்பிறகு செயலாளர் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். உட்காரச் சொன்னாள்; குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாள். மன்னித்தேன் என்ற சொல் மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை.