காஜா பெராங்கில் ஒரு தண்ணீர் வடிகட்டி

மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்த பிறகு வந்த பள்ளி விடுமுறையில் சிரம்பானிலிருந்து மலாக்காவுக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல. புதைத்த புத்தகங்களைத் தோண்டி எடுக்க.

ஜப்பான்காரன் வந்தபோது நான் மலாக்காவில் ஆசிரியர். பள்ளியை மூடிவிட்டார்கள். புத்தகங்கள் அடுப்புக்குப் போயின. எல்லாம் அழிந்துவிட்டால் பிற்பாடு எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்ற பயத்தில், ஒரு தகரப்பெட்டி நிறையப் பாடநூல்களை காஜா பெராங்கில் நண்பர் ராஜாவின் வீட்டுக்குப் பின்னால் புதைத்தேன். சண்டை முடிந்ததும் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல். போகலாம் போகலாம் என்றே பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது.

ஐம்பது மைல். காலை ஏழு மணி பஸ், கட்டணம் இரண்டு வெள்ளி. இறங்கும்போது இடுப்பு இடுப்பாக இல்லை. அங்கிருந்து காஜா பெராங்குக்குத் திரிஷா என்ற சைக்கிள் ரிக்ஷா, அரை வெள்ளி.

ராஜா மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழர் வழி. வீட்டில் பேச்செல்லாம் மலாய், நடுநடுவே தமிழ். நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

"பெட்டி சண்டை நேரத்துலயே போச்சு, சிக்கு" என்றார். வாத்தியாரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "தண்ணி பூந்து, கரையான் தின்னுருச்சு. படம் போட்ட ஒரு தாள்தான் மிச்சம். எழுத்து படிக்கத் தெரியல. படத்தப் பாத்து செஞ்சோம்."

அடுப்படியில் காட்டினார். மண்ணெண்ணெய்த் தகரத்தில் கூழாங்கல், கரி, மணல். நான் வருடா வருடம் கரும்பலகையில் வரைந்த அதே வடிகட்டி. தகரத்துக்குக் குங்குமப் பொட்டு வேறு.

"கரிய கடைசியா எப்ப மாத்துனீங்க?"

ராஜாவின் மனைவி லெட்சுமி விழித்தார். "மாத்தணுமா? படத்துல அது இல்லையே."

தொட்டிலில் அவர்கள் பேத்தி மூன்று நாள் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தாள். நான் அந்தப் பக்கம் பார்த்ததை ராஜா கவனித்துவிட்டார்.

"சண்டை நேரத்துல எங்களக் காப்பாத்துனது இந்தத் தண்ணி. இப்ப வந்து குத்தம் சொல்றீங்களா?"

எனக்கு வாதாடத் தெம்பில்லை. லெட்சுமிதான் தகரத்தை வெளியே இழுத்துக் கவிழ்த்தார். கரி நாற்றமடிக்கும் சேறாக விழுந்தது. ராஜா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

நானும் லெட்சுமியும் மாலைவரை தகரத்தைக் கழுவி நிரப்பினோம். மாதம் ஒருமுறை கரியை மாற்றுங்கள், வடிகட்டினாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள் என்றேன். மறுநாள் குழந்தை பாலுக்கு அழுதாளாம். சொல்லும்போது ராஜா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

புறப்படும்போது லெட்சுமி மலாயில் கேட்டார்: "அப்பா பாசால் அராங்?" ஏன் கரி? காரணம் தெரிந்தால் மறக்காது என்றார்.

எத்தனை வருடம் நடத்திய பாடம். எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் இருந்தது, சொன்னேன்.

இன்னொரு சண்டை வந்து எல்லாம் அழிந்தால் நாம் கற்றது மிஞ்சுமா? பஸ்ஸில் தூங்கிவழிந்தபடி யோசித்தேன். கொஞ்சம் மிஞ்சும். காரணத்தைத் தொலைத்துவிட்டு, பொட்டு வைத்துக்கொண்டு மிஞ்சும்.

மலாக்கா போகிறவர்களுக்கு: திரும்பும் பஸ்ஸில் கூட்டம் அதிகம், முன்னதாகப் போய் இடம் பிடியுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். ஏன் என்று கேட்டால், அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கிறது.