இரினேயாவும் பொதுச் சுமையும்

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சு காலியாகத்தான் இருக்கிறது. இரினேயா அதன் பக்கத்தில் நிற்கிறார். முழங்கால் வலித்தால் உடம்பை வலக்காலிலிருந்து இடக்காலுக்கு மாற்றிக்கொள்கிறார். அவர் விற்கும் தமாலே, சோளமாவில் செய்யும் கொழுக்கட்டை மாதிரியான பண்டம், வேகும் பாத்திரத்தைக் கூட அந்தப் பெஞ்சில் வைப்பதில்லை. அது தள்ளுவண்டியிலேயே ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது.

"உக்காருங்களேன் தோன்யா. பெஞ்சு யாரு பேர்லயும் இல்ல" என்று எதிரிலுள்ள என் டயர் கடையிலிருந்து நான் குரல் கொடுப்பேன். தோன்யா என்றுதான் தெரு முழுவதும் அவரை மரியாதையாகக் கூப்பிடுகிறது. என்னை அவர் சேமா என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

"அதானே சேமா பிரச்சினை. யாரு பேர்லயும் இல்லன்னா அது அரசாங்கத்து பெஞ்சு."

இதற்குக் காரணம் ஒரு சொல். போன வருஷம் சர்ச்சுக் கூடத்தில் ஒரு வக்கீல் வந்து பேசினார். கிரீன் கார்டு கேட்பவர் நாளைக்கு அரசாங்கத்தின் தலையில் விழுவாரா என்று அதிகாரிகள் பார்ப்பார்கள், அப்படிப்பட்டவருக்குப் 'பொதுச் சுமை' என்று பெயர் என்றார். எந்த உதவி கணக்கில் வரும், எது வராது என்று அதற்குப் பிறகு நிதானமாக விளக்கினார். ஆனால் இரினேயா அடுப்பில் சோளமாவை வேகவைத்துவிட்டு வந்திருந்தார். சுமை என்ற சொல் காதில் விழுந்த கையோடு எழுந்து வீட்டுக்கு ஓடிவிட்டார். விளக்கம் கூடத்திலேயே தங்கிவிட்டது.

சுமை என்றால் கனம்தானே. தன் கனம் பொதுச் சொத்தின் மேல் படக்கூடாது என்று அவரே ஒரு சட்டம் செய்துகொண்டார். நடைபாதையைத் தவிர்க்க வழியில்லை என்பதால் அதில் மட்டும் மெதுவாக நடக்கிறார். பூங்காக் குழாயில் தண்ணீர் குடித்தால், வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து குடித்த அளவுக்குப் பக்கத்து மரத்தடியில் ஊற்றிவிட்டு வருகிறார். விடியுமுன்னே வண்டி தள்ளி வரும்போது கையில் ஒரு டார்ச் எரிகிறது. மேலே தெருவிளக்கும் எரிகிறது.

"அப்போ தெருவிளக்கு வெளிச்சம்?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"நான் அத வாங்கிக்கல. அதுவா மேல விழுது. என் வெளிச்சம் என் கையில இருக்கு."

அரசாங்கத்தோடு நிற்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பல்குச்சியில் குத்திய பாலாடைக்கட்டியை ஒரு பெண் சிரித்துக்கொண்டே நீட்டினால், "இது எவ்வளவு?" என்று கேட்கிறார். சும்மாதான் என்று பதில் வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஊற்றும் சூப்பை மட்டும் இரண்டு கிண்ணம் குடிக்கிறார். கேட்டால், "சாமி அரசாங்கம் இல்ல. அவருகிட்ட கார்டும் கேக்கல" என்கிறார்.

இப்படிப்பட்டவர் கொசுறு விஷயத்தில் மட்டும் வேறு ஆள். டஜன் தமாலே வாங்கினால் பதின்மூன்றாவதைக் கேட்குமுன் போட்டுவிடுவார். காய்கறிக் கடையில் தக்காளி வாங்கிவிட்டு, கொத்தமல்லிக் கட்டு கைக்கு வரும்வரை நகரமாட்டார். என் கடையில் வண்டிச் சக்கரத்தைச் சரிசெய்து காசைக் கொடுத்தபின், "கொசுறு எங்க?" என்று நின்றார். டயர் கடையில் என்ன கொசுறு தருவது என்று விழித்தேன். மகளின் காரைக் கொண்டுவந்து நிறுத்தி நாலு சக்கரத்துக்கும் காற்று அடித்துக்கொண்டு போனார்.

"இது மட்டும் சும்மா இல்லையா தோன்யா?"

"சும்மா குடுக்கறது வேற, கொசுறு வேற. சும்மா வாங்குறவன் கை கீழ இருக்கும். கொசுறு கேக்குறவன் காசு குடுத்தவன். அது அவன் பங்கு."

கார்டு அவருக்கு எதற்கு என்று கேட்டால் பெரிய காரணங்கள் எதுவும் சொல்லமாட்டார். சொந்த ஊரான புவெப்லாவில் ஒத்திலியா என்று ஒரு தங்கை. அவளும் தமாலேதான் விற்கிறாள். மாவில் பன்றிக்கொழுப்புக்குப் பதில் எண்ணெய் ஊற்றுகிறாள் என்று ஊரிலிருந்து செய்தி. தொலைபேசியில் திட்டினால் வைத்துவிடுகிறாள்.

"நேர்ல போய்த் திட்டணும் சேமா. முகத்துக்கு முன்னாடி. போறது சுலபம், திரும்பி வரணும்ல. அதுக்குத்தான் கார்டு."

இங்கே பிறந்த மகளுக்கு இருபத்தொரு வயது ஆனதும் அம்மாவுக்காக மனுப் போட்டாள். வியாழக்கிழமை நேர்காணல் என்று தேதியும் வந்துவிட்டது. அப்போதுதான் சிக்கல். உடல் பரிசோதனைக்குக் காசு கட்டிப் போன டாக்டர், எல்லாம் சரி, தடுப்பூசிகள் பாக்கி, அவை இல்லாமல் சான்று தரமுடியாது என்றார். தன்னிடம் மருந்து தீர்ந்துவிட்டதாகச் சொல்லி அரசு கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே ஊசி இலவசம்.

திங்கட்கிழமை நான்தான் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஊசி கணக்கில் வராது, வக்கீலே சொன்னார் என்று சொல்லிக்கொண்டு போனேன்.

"வக்கீலு சொல்லுவாரு. அவருகிட்ட கார்டு இருக்கு."

கிளினிக் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே பணப்பையைத் திறந்தார். மரீசா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த நர்ஸ், "காசெல்லாம் வேணாம்மா" என்றாள்.

"எவ்வளவுன்னு சொல்லு கண்ணு."

"எங்ககிட்ட கல்லாவே இல்லம்மா. வாங்கினா எங்க போடுறது?"

இரினேயா பணப்பையை மூடிவிட்டுத் துணிப்பையைத் திறந்தார். சோளத்தோலில் சுற்றிய தமாலே நாலு, சூடாக. மரீசா மூக்கை உயர்த்தி ஒருமுறை மோந்தாள். பிறகு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஐயோ, நாங்க எதுவும் வாங்கக்கூடாதும்மா. விதி. ஒரு தமாலே தின்னு என் வேலை போகணுமா?"

"நீ வாங்கக்கூடாது. நானும் வாங்கக்கூடாது."

இருவரும் கைகளைப் பின்னால் கட்டியபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஊசி தட்டில் கிடந்தது. இரினேயா கதவுப் பக்கம் திரும்பினார். இப்போது போனால் சான்று இல்லை, வியாழக்கிழமை இல்லை, ஒத்திலியா நிம்மதியாக எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

"தோன்யா, அந்த டாக்டருக்குக் காசு கட்டினீங்கல்ல?" என்றேன்.

"கட்டினேன். சுளையா வாங்கினான்."

"கொசுறு கேட்டீங்களா?"

அவர் நின்றார். நெற்றி சுருங்கியது. தன் வாழ்நாளில் அப்படி ஒரு வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தோமா என்று யோசிப்பது தெரிந்தது. "கேக்கலியே" என்றார், குரல் இறங்கி.

"அந்தக் கொசுறுதான் இங்க இருக்கு."

"டாக்டர் கடை வேற, இது வேற."

"ரெண்டும் ஒரே சான்றுக்குத்தானே?"

அவர் மெல்ல மரீசாவிடம் திரும்பினார். பாதி நம்பிக்கைதான். "கண்ணு... கொசுறு?"

மரீசாவின் அம்மா சந்தையில் மிளகாய் விற்பவள் என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரியாது. இடுப்பில் கை வைத்து அவள் சலித்துக்கொண்ட சலிப்பு அப்படியே கடைக்காரியின் சலிப்பு.

"கொசுறா? காலையிலேர்ந்து வர்றவங்க எல்லாம் கொசுறு கொசுறுன்னா நான் எங்க போறது? சரி, சரி, கைய நீட்டுங்க. ஊருக்குள்ள போய்ச் சொல்லிடாதீங்க."

இரினேயாவின் முகம் தெளிந்தது. அவருக்குப் பழகிய பேச்சு இது. நாற்காலியை இழுத்து, முழுக் கனத்தோடும் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. ஊசி ஏறியபோது முகம் சுளிக்கவில்லை. மரீசா பஞ்சை வைத்து அழுத்தி, வேலை முடிந்தாற்போல ஒரு பெருமூச்சு விட்டாள்.

இரினேயா பஞ்சைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார், மற்றக் கையின் சட்டையையும் சுருட்டிக்கொண்டே.