நான்காம் இடத்துக்கு ஓடியவர்

எங்கள் மாப்பிள்ளை இல்லாத வீட்டில் ஓர் ஆண்டைக் கழித்துவிட்டோம். இந்த நினைவு மலரை வாங்கியதும் அட்டைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் இருக்கிறார். ஆனால் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார். அச்சகத்திலேயே ஒருவர், "யாராவது முந்திடுவாங்களோன்னு பயமா சார்?" என்று கேட்டார். பயம்தான். ஒருவரும் முந்தாமல் இருந்துவிடுவார்களோ என்ற பயம்.

என் தங்கையின் கணவரான அவர் வடமராட்சிக் கடலோரத்தில் பிறந்தவர். சண்டைக் காலத்தில் தாயாருடன் படகேறி ராமேஸ்வரம் கரையில் இறங்கினார். அடுத்த படகில் வருவதாகச் சொன்ன தந்தையார் வரவில்லை. அகதி முகாமிலிருந்து பள்ளிக்குப் பேருந்து இல்லாததால் ஓடிப் பழகினார். உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் அந்த ஓட்டத்தைக் கவனித்து எண்ணூறு மீட்டருக்குத் தயார் செய்தார். மாவட்டத்தில் முதலிடம், பிறகு மாநிலத்திலும் முதலிடம். படம் நாளிதழில் வந்தது. அந்த வாரமே, முகாமுக்கு வெளியே போக யார் அனுமதித்தது என்று விசாரிக்க ஆள் வந்தார். குடிசை வாசலில் தாயார் கைகூப்பி நின்றாராம். நாட்டுக்காக ஓட வேண்டுமென்றால் இந்நாட்டவர் என்ற சான்று வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தோற்றுக்கொண்டிருக்கும் வரையில் யாரும் கேட்காத கேள்வி அது.

தாயார் மறைந்தபின் அனுமதி எதுவும் வாங்காமல் டெல்லிக்கு ரயிலேறினார். கரோல் பாக்கில் விளையாட்டுச் சாமான் கடையில் வேலை. கடைக்காரரின் தந்தை பிரிவினையின்போது லாகூரை விட்டு வந்தவர். ஆகவே அவர் ஊர் பேர் எதுவும் துருவவில்லை. பள்ளி ஆசிரியையான என் தங்கை விளையாட்டு விழாவுக்குப் பந்து வாங்க அங்கே போனாள். பள்ளியில் இருந்த பிள்ளைகளைவிடப் பந்துகள் அதிகமாயின.

விஷயம் என் காதுக்கு வந்தபோது நான் அதே டெல்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். வெளிநாட்டவர் சட்டம், பதிவு விதிகள், முகாமை விட்டவரைப் பிடித்தால் என்ன ஆகும், எங்கே அனுப்புவார்கள் என எல்லாவற்றையும் தங்கைக்கு எடுத்துரைத்தேன்.

"அண்ணா, உன்கிட்ட சம்மதம் கேட்டேன். மெமோ கேக்கல," என்றாள்.

கல்யாணம் நடந்தது. விதி தெரியாதவன் நிம்மதியாகத் தூங்குவான். எனக்கு எல்லா விதியும் தெரியும். நாங்கள் எல்லாரும் சேர்ந்திருந்த வீட்டில் அழைப்பு மணி அடித்தால் மாப்பிள்ளை குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வார்; நான் சட்டையை மாட்டிக்கொண்டு அதிகாரி முகத்துடன் கதவைத் திறப்பேன். பெரும்பாலும் பால்காரர்தான். அந்த முகத்தைப் பார்த்துப் பயந்ததும் அவர்தான்.

ஆனாலும் மாப்பிள்ளையால் ஓடாமல் இருக்க முடியவில்லை. யாரும் பெயர் கொடுக்கலாம் என்ற பந்தயம் எங்கே நடந்தாலும் போவார். எப்போதும் நாலாவதாகவே வருவார். அவருடைய திறமை அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன், அட்டையில் இருக்கும் அந்தப் பந்தயம் வரைக்கும். அன்று முன்னால் ஓடியவர்கள் கடைசி வளைவுக்கு முன்பே களைத்துப் போனார்கள். மாப்பிள்ளை தனியாக முன்னால் வந்துவிட்டார். வேலியோரம் நின்ற தங்கை அப்போது எடுத்த படம் இது. கூட்டம், "பாகோ மதராஸி, பாகோ!" என்று ஓடச் சொல்லிக் கத்தியது. அவரோ வேகத்தைக் குறைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒருவர் முந்தினார். இன்னொருவர் முந்தினார். மூன்றாமவர் நொண்டிக்கொண்டே முந்தினார். அதன்பிறகுதான் மாப்பிள்ளை கோட்டைத் தொட்டார்.

"என்ன மாப்பிள்ளை, நல்லாத்தானே ஓடினீங்க? நடுவுல காலு மறந்துபோச்சா?" என்று கேட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் என்னை அண்ணை என்றுதான் அழைப்பார். "மூண்டு பேரைத்தான் மேடையில ஏத்திப் படம் எடுப்பினம், அண்ணை. நாலாவது ஆளை ஒருத்தரும் தேடி வரமாட்டினம்," என்றார்.

நகைக்க வாய் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அவருடைய ஓட்ட வாழ்க்கை முழுவதும் இதுதான். பதக்கம் ஒன்றும் இல்லை.

மகள் பிறந்தாள். என் மருமகளுக்குத் தந்தையின் கால்கள், தாயின் வாய். விடியற்காலையில் பூங்காவில் மற்ற பயிற்சியாளர்கள் பிள்ளைகளை விரட்டுவார்கள். எங்கள் மாப்பிள்ளை மட்டும், "கெதியா ஓடாதை பிள்ளை! ஆக்கள் பாக்கினம்!" என்பார்.

"அச்சா அப்பா, மெதுவா ஆரம்பிக்கிறேன். ஆனா நாலாவதெல்லாம் நான் வரமாட்டேன்," என்பாள் அவள்.

அவள் வெல்ல வெல்ல அவர் இளைத்தார். பெற்றோரில் ஒருவர் உரிய தாள் இல்லாமல் வந்தவர் என்றால் இங்கேயே பிறந்த பிள்ளையையும் குடிமகளாக ஏற்க மறுக்கலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அதை அவருக்கு விளக்கியவன் நான்தான். வேறு யார் விளக்குவார்கள்?

கடைசியில் நெஞ்சு வலியைப் பல நாள் மறைத்தார். தங்கை அழுது கேட்டபோது, "ஆஸ்பத்திரியில ஆதார் கேப்பினம். என்னைப் பிடிச்சால் பிள்ளையிட்டையும் வருவினம்," என்றார். நாங்கள் அழைத்துப் போனபோது அவசரப் பிரிவில் இருந்த நாகர்கோவில் செவிலியர், "பேரு மட்டும் சொல்லுங்கண்ணே, மத்ததெல்லாம் பொறவு பாக்கலாம்," என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் நேரம் கடந்திருந்தது.

அந்தச் செவிலியருக்கும், கடையை மூடிவிட்டுத் தோள் கொடுத்த கரோல் பாக் கடைக்காரருக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் தெரியாத மூவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்: அந்தப் பந்தயத்தில் எங்கள் மாப்பிள்ளையை முந்திச் சென்று, அவரை எங்களோடு இருக்கவிட்டவர்கள்.

வெளிநாட்டுப் போட்டிக்கு மருமகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் வேண்டும். தந்தையைப் பற்றி எப்படி எழுதினால் கேள்வி வராது என்று எனக்குத் தெரியும், வழி சொன்னேன்.

"வேண்டாம் மாமா. அப்பா எங்கேருந்து வந்தாரோ அதையே எழுதுங்க. மலர்லயும் அந்தப் படத்தையே போடுங்க," என்றாள்.

எழுதினோம். படத்தையும் போட்டோம். மாப்பிள்ளையின் முகம் முகாம் நாளுக்குப் பிறகு அச்சில் வருவது இதுவே முதல் முறை. பாஸ்போர்ட் விசாரணைக்குக் காவல்துறையிலிருந்து எந்த நாளும் ஆள் வரலாம். அழைப்பு மணி அடித்தால் இப்போது மருமகளே போய்த் திறக்கிறாள். ஓடும்போது அவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. வீட்டுக்குள் சட்டையை மாட்டிக்கொண்டு நான் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.