பொட்டிக்கு ஒண்ணும் ஆகலீங்களே?

போன தை மாதம் வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு இட்டேரியில் நடந்தது இது. இட்டேரி என்றால், இரண்டு பக்கமும் தோட்டத்து வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு மண்பாதை. இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

என் வீட்டுக்காரர் கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறார். லடாக் போகிறேன், லடாக் போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே ஒரு பெரிய பைக் வாங்கினார். பிறகு அதற்கு இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி மாட்டினார். நான் பொட்டி என்று சொன்னால் அவருக்கு ஆகாது. "பேனியர்னு சொல்லு" என்பார். பக்கத்துக்கு ஒரு சூட்கேஸைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். அதற்குத் தினமும் துடைப்பு வேறு. பின்னால் ஏற வேண்டுமானால் நான் காலைத் தூக்கி அந்தப் பெட்டியைத் தாண்ட வேண்டும். "பாத்து ஏறு, செருப்புப் பட்டுரப் போவுது" என்பார். என் செருப்புப் பட்டால் பெட்டியில் கீறல் விழுமாம்.

லடாக் எங்கே போனோம்? வெள்ளகோவில் பக்கம் இருக்கிற அவருடைய அக்கா தோட்டத்துக்குப் போனோம். பெட்டியோடு ஓட்டிப் பழக வேண்டுமாம். மெயின் ரோட்டிலேயே போயிருக்கலாம். போனில் குறுக்குவழி காட்டுகிறது என்று இட்டேரிக்குள் விட்டார். "ஏனுங்க, பொட்டி அகலமா இருக்குதுங்க, திரும்பிரலாமுங்க" என்று நான் சொன்னேன். சொன்னேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றுவரை அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஓரிடத்தில் வேலி உள்ளே சரிந்து பாதை குறுகியிருந்தது. ஹேண்டில்பார் நுழைந்த அந்த இடத்தில் பெட்டி நுழையவில்லை. வேலியோரம் நட்டிருந்த கல்லுக்காலில் இடித்தது. வண்டி அப்படியே சாய்ந்தது. அவர் எகிறிக் குதித்துவிட்டார். என் கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். கால் போச்சு, பிழைப்பும் போச்சு என்றுதான் முதலில் தோன்றியது. "ஏனுங்க, காலுங்க, காலுங்க" என்று கத்தினேன். அந்த வலியிலும் 'ங்க' விடவில்லை பாருங்கள். இவர் ஓடி வந்தார். என்னிடம் வரவில்லை. பெட்டியோரம் குந்தி உட்கார்ந்து, நசுங்கின மூலையை உள்ளங்கையால் தடவினார். "ஐயோ, லாக் போச்சே" என்றார்.

பக்கத்துத் தோட்டத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், சத்தம் கேட்டு அரிவாளும் கையுமாக ஓடி வந்தார். வயது என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்தார். பெட்டியைத் தடவிக்கொண்டிருந்த இவரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஏனுங்க, பொட்டிக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். பச்சைக் குழந்தைக்கும் அது தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்த என் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "மூலை லேசா நசுங்கிப்போச்சுங்க. தட்டி எடுத்தரலாமுங்க" என்று பதில் சொன்னார். மண்ணில் கிடந்த எனக்கு வலியைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது.

"அப்படீங்களா. அப்ப நீங்க பொட்டியப் பாருங்க. அம்மணிய நான் பாத்துக்கறனுங்க" என்றார் அந்தப் பெண். அப்போதுதான் இவருக்கு உறைத்தது. முகம் செத்துப்போனது. இரண்டு பேருமாகச் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள். அந்தப் பெண் என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, "வெரல ஆட்டு கண்ணு" என்றார். ஆட்டினேன். அசைந்தது. அதற்கப்புறம்தான் எனக்கு அழுகையே வந்தது. அறுத்த தட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தன் மொபெட்டில் என்னை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எலும்பு முறியவில்லை. தோல் உரிந்து, கணுக்கால் வீங்கியிருந்தது, அவ்வளவுதான்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, பெட்டி தரையில் ஊன்றி வண்டியைத் தாங்கிக்கொண்டதால்தான் கால் தப்பியது என்றார். போதாதா? பின்னாலேயே பைக்கில் வந்து நின்ற என் வீட்டுக்காரருக்கு உயிர் வந்துவிட்டது. பழம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும், "பேனியர் மட்டும் இல்லீனா இவ காலு போயிருக்கும்" என்று பெருமையடித்தார். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெட்டி காப்பாற்றியது உண்மைதான், நான் மறுக்கவில்லை. பெட்டி தன் வேலையைச் செய்தது. தாலி கட்டினவர் என்ன செய்தார் என்றுதான் கேட்கிறேன். கேட்டால், "பதட்டத்துல அப்படி ஆயிப்போச்சு" என்கிறார். பதட்டத்தில்தானே மனசு எங்கே இருக்கிறதென்று தெரியும்?

கால் ஆறிவிட்டது. மெஷின் மிதிக்கிறேன். அவரோடு பைக்கிலும் போகிறேன். ஆனால் அடுப்படியில் என் கையிலிருந்து ஒரு பாத்திரம் நழுவி விழுந்தால்கூட, சத்தம் கேட்டு ஓடி வருகிறவரின் கண் முதலில் பாத்திரத்துக்குப் போகிறதா, என் மேல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு அப்படியே நிற்கிறேன்.